ரேடியோவும் மொட்டும் பன்னிரண்டு கோட்டுகளும்

பதினொரு வயதுப் பெண் ஒருத்திக்குத் தெருவே சேர்ந்து 'ரேடியோ' என்று பெயர் வைத்தால், அவள் எப்படிப்பட்டவள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கண் திறக்கும்போதே வாயும் திறந்துவிடும். பல் துலக்கும்போதுகூட நுரை வழியப் பேசுவாள். ஒரு முறை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று மாலை எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "என்ன, வீட்ல எல்லாரும் வெளியூர் போயிட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றார்.

அவளுடைய தங்கைக்கு ஒன்பது வயது. அவளை வீட்டில் 'மொட்டு' என்று கூப்பிடுவார்கள். எதையாவது கேட்டால் உதடுகளைக் குவித்து வைத்துக்கொண்டு யோசிப்பாள். யோசித்து முடித்த பிறகுதான் பேசுவாள். ஆனால் அதற்குள் மற்றவர்களின் பேச்சு நாலு தெரு தாண்டிப் போயிருக்கும்.

"மொட்டு, பாலா, பழச்சாறா?" என்று அம்மா கேட்பார்.

மொட்டு உதட்டைக் குவிப்பாள்.

"பால்தாம்மா. அவளுக்குப் பால்தான் பிடிக்கும்" என்பாள் ரேடியோ. பால் வந்துவிடும். மொட்டு அதைப் பேசாமல் குடித்துவிடுவாள்.

ரேடியோ இதை உதவி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். 'பாவம், இவளுக்குப் பேச வராது. நாமதான் பேசணும்' என்பது அவள் எண்ணம். தங்கைமேல் அவளுக்கு உயிர். அதனால்தான் தன் பேச்சையும் பேசி, தங்கையின் பேச்சையும் சேர்த்துப் பேசி, ஒரு நாளைக்கு இரண்டு ஆள் வேலை பார்த்தாள்.

அவர்களுடைய வீட்டின் முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, ஆள் உயரக் கண்ணாடி ஒன்று. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அது மொட்டுவின் இடம். மடியில் அளவு நோட்டை வைத்துக்கொண்டு, கூராகச் சீவிய பென்சிலோடு அங்கே உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பை போகும் மூலை ஒன்று என்றால், மொட்டு போகும் மூலை அதுதான்.

அந்தக் கடையில் அளவெடுப்பதற்கு ஒரு தனி முறை இருந்தது. வந்தவர் போட்டிருக்கும் சட்டை தொளதொளவென்று இருந்தால் அம்மா அதை இழுத்துக் குண்டூசி குத்தி வைத்துவிட்டுத்தான் அளப்பார். அந்தக் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வார். (நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அப்பாவே அம்மாவிடம் தினமும் சொல்லி அலுத்துப் போயிருந்தார்.) வாயில் குண்டூசி இருக்கும்போது முப்பத்தாறு என்பது 'ம்ம்ம்த்தாறு' என்று வரும். அது உலகத்தில் ரேடியோ ஒருத்திக்கு மட்டும்தான் புரியும். ஒரு தடவைகூடத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. அம்மா முனகுவார், ரேடியோ உரக்கச் சொல்வாள், மொட்டு எழுதுவாள்.

நோட்டுக்கு ஒரு சட்டமும் உண்டு. எழுதியதை அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

அந்த மாதம் அம்மாவுக்கு இதுவரை வராத பெரிய வேலை வந்தது. ஊரில் புதுப் பூங்கா திறக்கப் போகிறார்கள். திறப்பு விழாவில் வாசிக்கப் போகும் பேண்ட் குழுவுக்குப் பன்னிரண்டு சிவப்புக் கோட்டுகள். தோளில் மஞ்சள் நாடா, முன்னால் எட்டுப் பித்தளைப் பொத்தான். ஒற்றைச் சட்டையும் ஒற்றைப் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை.

"பன்னெண்டு கோட்டுங்க, பன்னெண்டு" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் சட்டையைக் கழற்றி மாட்டி, கைகால் கழுவி, துடைத்து, உட்கார்ந்த பிறகு, "நல்லது" என்றார்.

அளவெடுக்கும் நாளில் பேண்ட் மாஸ்டர் தன் ஆட்கள் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் நாளே அவர் கொடுத்திருந்த பட்டியலைப் பார்த்து, மொட்டு நோட்டில் வரிசையாக எண் போட்டு, யார் யார் எதை வாசிப்பவர் என்று அழகாக எழுதி வைத்திருந்தாள். ஐந்து, டிரம்பெட். ஆறு, பெரிய டிரம். ஏழு, புல்லாங்குழல். எட்டு, கிளாரினெட். எல்லோரும் அதே வரிசையில் கண்ணாடி முன்னால் வந்து நின்றார்கள்.

அம்மா வேகமாக அளந்தார். ரேடியோ அதைவிட வேகமாகச் சொன்னாள். "தோள் பதினெட்டு, மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்து நாலு, நீளம் இருபத்தொம்பது, அடுத்து."

நான்காவது ஆள் நகர்ந்ததும் டிரம்பெட்காரருக்குக் கைப்பேசி அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று சைகை காட்டிவிட்டு அவர் வாசலுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற பெரிய டிரம்காரர் ஒரு அடி முன்னால் வந்து நின்றார். அம்மா டேப்பை அவர்மேல் போட்டார்.

மொட்டு அப்போது நான்காவது ஆளின் நீளத்தை எழுதிக்கொண்டிருந்தாள். நிமிராமலே ஐந்தாவது வரியில் தோளையும் மார்பையும் எழுதினாள். மார்பு நாற்பத்தெட்டு என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே இருந்தது டிரம்பெட் இல்லை, பெரிய டிரம்.

"அக்கா" என்றாள்.

"கை இருபத்தஞ்சு, எழுது."

"அக்கா, இவரு..."

"நீளம் முப்பது. அடுத்து. என்ன மொட்டு, பென்சில் முனை உடைஞ்சுடுச்சா? இந்தா, வேற பென்சில். தோள் பதினஞ்சரை, எழுது எழுது."

அதற்குமேல் மொட்டுவால் முடியவில்லை. கையில் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்பெட்காரர் பேசி முடித்துவிட்டு வந்து, நல்ல மனிதர், யாரையும் இடிக்காமல் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் மொட்டு ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சாயங்காலம் அம்மாவிடம் போய் நின்றாள். அம்மா சிவப்புத் துணியை விரித்துக்கொண்டே, "என்னடா கண்ணு? அப்புறம் சொல்லு" என்றார். மறுநாள் அக்காவிடம் போய் நின்றாள். "என்ன, பசிக்குதா? இல்ல, வீட்டுப்பாடமா? என் ரிப்பன் வேணுமா? எடுத்துக்கோ" என்று அக்கா ரிப்பனைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் கோட்டுகளை வெட்டியாகிவிட்டது. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், நாளாக நாளாக அதைச் சொல்வது இன்னும் கஷ்டம். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேண்ட் மாஸ்டர், பெரிய டிரம்காரரையும் புல்லாங்குழல்காரரையும் கூட்டிக்கொண்டு கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். மற்றவர்களுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் விழா.

அம்மா ஆறாம் எண் சீட்டு குத்திய கோட்டை எடுத்துப் பெரிய டிரம்காரரிடம் கொடுத்தார். அவர் ஒரு கையை நுழைத்தார். முழங்கைக்கு மேல் போகவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். எங்கேயோ 'டர்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் பயந்துபோய் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சுக்கறேன்" என்றார் பாவமாக.

புல்லாங்குழல்காரருக்கு ஏழாம் எண் கோட்டு. அவர் சின்ன உருவம். கோட்டு முழங்காலுக்கு வந்தது. கைகளைக் காணவில்லை. உள்ளிருந்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா புல்லாங்குழலை எங்க பிடிக்கிறது?" என்று குரல் மட்டும் வந்தது.

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

பேண்ட் மாஸ்டர் கோபப்படவில்லை. ஆனால் அவர் சொன்னது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "டெய்லரம்மா, நாளைக்கு சாயங்காலம் எல்லாரையும் கூட்டிட்டு வரேன். சரியா இருந்தா எடுத்துக்கறோம். இல்லேன்னா பழைய கோட்டையே போட்டுக்கறோம். உங்களைக் குத்தம் சொல்லல."

அவர்கள் போனதும் அம்மா அளவு நோட்டைப் புரட்டினார். ஆறாவது வரி. பெரிய டிரம், மார்பு முப்பத்து நாலு.

"இந்த மனுஷனுக்கு முப்பத்து நாலா? யார் எழுதினது இது?"

யார் எழுதியது என்று அம்மாவுக்குத் தெரியும். மொட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சரியாத்தாம்மா சொன்னேன். நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன்" என்றாள் ரேடியோ. அது உண்மைதான். ஆனாலும் சொல்லி முடித்ததும் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

"மொட்டு, எங்க கவனம் இருந்துச்சு? சொல்லு. பேசேன். ஏன் இப்படி அழுத்தமா இருக்கே?"

மொட்டு உதட்டைக் குவித்தாள். அம்மா மூன்று விநாடிகூடப் பொறுக்கவில்லை.

"முழு நோட்டையும் இனிமே நம்ப முடியாது. பன்னெண்டு கோட்டையும் பிரிச்சுத் தைக்கணும். நீ நாளைலேர்ந்து இங்க உட்கார வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீட்டுக்குப் போயிடு. எழுதற வேலையை நான் வேற ஆள் வெச்சுப் பார்த்துக்கறேன்."

மொட்டு அழவில்லை. பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடி, மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அழுதிருந்தால்கூட ரேடியோவுக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்கு அப்பா வேலைக்குப் போகும்போது மொட்டுவை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. ரேடியோ அவளுடைய பையை எடுக்க உள்ளே வந்தவள், கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா தன் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மொட்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பச்சைச் சட்டையா, நீலமா?" என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்க்கவில்லை. சட்டையின் ஒரு கையை விரித்து, நிதானமாக இஸ்திரிப் பெட்டியை ஓட்டினார். அந்தக் கை முடிந்தது. சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"நீலம்" என்றாள் மொட்டு.

"அத்தை வீட்டுக்குப் போறது பிடிச்சிருக்கா?"

அப்பா மறு கையை முடித்தார். காலரைத் தொடங்கினார். ரேடியோவின் வாய்க்குள் 'பிடிக்கல, அவளுக்குப் பிடிக்கவே இல்லை' என்று வார்த்தைகள் முட்டிக்கொண்டு நின்றன. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லப்பா" என்றாள் மொட்டு. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை நல்லவங்கதான். ஆனா எழுதறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை. நான் எழுதுனா அம்மாவும் அக்காவும் அதைப் பார்த்துத்தான எல்லாம் செய்வாங்க. எனக்கு அது பிடிக்கும்" என்றாள்.

அப்பா, "ம்" என்றார். காலரில் ஒரு சுருக்கம் இருந்தது. அதைத் திரும்பத் தேய்த்தார்.

ரேடியோவுக்குத் தூக்கி வாரிப் போட்டது. மொட்டு ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. அப்பா என்ன மந்திரம் போட்டார்? ஒன்றும் போடவில்லை. கேட்டார், சும்மா இருந்தார். அவ்வளவுதான்.

'அப்படின்னா இவளுக்குப் பேச வராதுன்னு இல்லை' என்று ரேடியோ நினைத்தாள். 'பேச வரும்போது நான்தான் அங்க நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்.' நினைக்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ரிப்பன் நினைவுக்கு வந்தது. தங்கை கேட்டது ரிப்பன் இல்லை என்று இப்போது சந்தேகம் வந்தது.

கடைக்கு ஓடினாள். அம்மா முன்வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ அளவு நோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை இருந்த புள்ளிகளைக் காட்டினாள்.

"மொட்டு, இது என்ன புள்ளி?"

கேட்டுவிட்டு இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து வந்தபோது 'பென்சிலை ஊன்றிப் பார்த்தியா?' என்று கேட்கத் தோன்றியது. எட்டு வந்தபோது 'எறும்பா?' என்று கேட்கத் தோன்றியது. பத்துக்கு மேல் மூச்சு முட்டியது. வாயை மூடிக்கொண்டு இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

பதினான்கில் மொட்டு பேசினாள்.

"அது எல்லாம் ஆள் மாறிப் போச்சுக்கா."

"எப்..." என்று ஆரம்பித்து ரேடியோ மறுபடியும் வாயைப் பொத்தினாள். இந்தத் தடவை ஆறு எண்ணுவதற்குள் மொட்டு தொடர்ந்தாள். டிரம்பெட்காரர் வாசலுக்குப் போனது, டிரம்காரர் முன்னால் வந்தது, எல்லாம் சொன்னாள்.

"அளவு எல்லாம் சரிதான்கா. பேருதான் தப்பு. அஞ்சாம் நம்பர் கோட்டு டிரம் மாமாவோடது. ஆறு, புல்லாங்குழல் மாமாவோடது. ஏழு, கிளாரினெட் மாமாவோடது. அப்படியே போகும். பன்னெண்டாம் நம்பர்தான் ஃபோன் பேசப் போனாரே, அவரோடது. எதையும் பிரிக்க வேண்டாம்."

"இதை எங்கிட்டச் சொல்ல வந்தியா?"

மொட்டு தலையாட்டினாள். "ரெண்டு தடவை."

ரேடியோவின் கண் கலங்கிவிட்டது. "நான் உன்னைப் பேசவே விடல, இல்ல? 'அடுத்து அடுத்து'ன்னு கத்தினேனே தவிர, நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கல. மன்னிச்சுக்கடி."

மொட்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி" என்றாள்.

அதற்குள் கடையில் மேசை இழுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஓடினார்கள். அம்மா ஆறாம் எண் கோட்டை மடியில் போட்டு, பிளேடால் காலரைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார். இரண்டு தையல் போய்விட்டது.

"அம்மா, நிறுத்துங்க. மொட்டு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்ப நேரமில்ல. பத்தாகப் போகுது, அவளைக் கிளம்பச் சொல்லு. இன்னும் பதினோரு கோட்டு இருக்கு. நூல் வேற தீர்ந்துபோச்சு. நீ போய் அந்தக் கடையில..."

ரேடியோ நினைத்திருந்தால் எல்லாவற்றையும் தானே ஒரே மூச்சில் கொட்டியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இது மொட்டு கண்டுபிடித்தது. மொட்டு எழுதியது. அவள் வாயால்தான் அம்மா கேட்க வேண்டும் என்று ரேடியோ உறுதியாக இருந்தாள். அதற்கு அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். அம்மாவைச் சும்மா இருக்க வைப்பது எப்படி?

மேசையில் குண்டூசி டப்பா திறந்திருந்தது.

"அம்மா, குண்டூசியெல்லாம் இங்க இறைஞ்சு கிடக்கு பாருங்க. இந்தாங்க, பிடிங்க" என்று நாலைந்தை எடுத்து நீட்டினாள்.

அம்மாவின் ஒரு கையில் கோட்டு, மறு கையில் பிளேடு. பழக்க தோஷத்தில் உதட்டை நீட்டிக் குண்டூசிகளை வாங்கிக்கொண்டார்.

கடை அமைதியானது.

"இப்ப சொல்லு மொட்டு" என்றாள் ரேடியோ.

மொட்டு அம்மாவைப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள். அம்மா, "ம்ம்ம்?" என்றார். பிறகு, "ம்ம்ம்ம்?" என்றார். ரேடியோ இவ்வளவு நாளில் முதல் தடவையாக அதை யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

மொட்டு பேசத் தொடங்கினாள். மெதுவாகத்தான் சொன்னாள். நடுவில் இரண்டு முறை நிறுத்தினாள். ஆனால் ஒன்றையும் விடாமல், ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை சொல்லி முடித்தாள். அம்மாவின் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது. பிளேடைக் கீழே வைத்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார்.

"அஞ்சாம் நம்பரை எடு" என்றார் மெல்ல.

கோட்டை விரித்துப் பார்த்தார்கள். நல்ல அகலம். ஆனாலும் ஆளைப் போட்டுப் பார்க்காமல் எப்படி நம்புவது? பெரிய டிரம்காரர் தெருமுனை டயர் கடையில் வேலை செய்பவர்.

"நான் கூட்டிட்டு வரேன்" என்று ரேடியோ பறந்தாள். டயர் கடை முதலாளி, "வேலை நேரத்துல ஆளை விட முடியாது" என்றாராம். ரேடியோ பேசினாள். என்ன பேசினாளோ, ஐந்து நிமிடத்தில் டிரம்காரர் மட்டுமல்ல, முதலாளியும் கூடவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். வாய் பேசும் வேலை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

டிரம்காரர் கையைத் துடைத்துவிட்டுக் கோட்டைப் போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தான்களை மாட்டினார். எட்டும் மாட்டின. மூச்சை விட்டார். அப்போதும் மாட்டியபடியே இருந்தன.

"ராத்திரி நான் நிஜமாவே சாப்பிடல. வீணாப் போச்சு" என்றார்.

அம்மா வாசலைப் பார்த்தார். அப்பா சீருடையோடு, மொட்டுவின் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பையை வெச்சுட்டுப் போங்க. இன்னிக்கு எனக்கு அவ வேணும்" என்றார் அம்மா.

அப்புறம் மூன்று பேரும் வேலை செய்தார்கள். மொட்டு நோட்டைப் பார்த்துச் சொல்ல, ரேடியோ சீட்டுகளை மாற்றிக் குத்தினாள். அம்மா போன தையலையும் கிழிந்த அக்குளையும் சரி செய்தார். மொட்டு ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை பார்த்தாள். ரேடியோவுக்குக் கை பரபரத்தது. என்றாலும் அவள் அவசரப்படுத்தவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் பெருமூச்சு விட்டாள்.

சாயங்காலம் பேண்ட் குழு மொத்தமும் வந்தது. பன்னிரண்டு சிவப்புக் கோட்டுகளும் பன்னிரண்டு பேருக்கும் சொல்லி வைத்தாற்போல் பொருந்தின. கடைசிக் கோட்டைப் போட்டுக்கொண்ட டிரம்பெட்காரருக்குத் தன் ஒரு ஃபோனால் இவ்வளவும் நடந்தது என்று கடைசிவரை தெரியாது. அவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையை நீவிக்கொண்டார்.

"எப்படி டெய்லரம்மா, ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திட்டீங்க?" என்று பேண்ட் மாஸ்டர் ஆச்சரியப்பட்டார்.

"நான் எதையும் மாத்தல மாஸ்டர். என் சின்னப் பொண்ணுதான்" என்றார் அம்மா.

பேண்ட் மாஸ்டர் மொட்டுவிடம் குனிந்து, "நீ என்னம்மா செஞ்சே?" என்று கேட்டார். மொட்டு யோசிக்கத் தொடங்கினாள். எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள். ரேடியோ உத்தரத்தைப் பார்த்தாள். அவர் காத்திருந்து பார்த்தார். பாவம், அவருக்கு நேரமாகிவிட்டது. கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

பேண்ட் குழுவின் வண்டி போன பிறகு, "நல்லா எழுதினேன்" என்றாள் மொட்டு.

அம்மா அவளைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "நேத்து ரொம்பத் திட்டிட்டேன். நான் உன் அக்கா மாதிரிதான். ரெண்டு பேரும் முந்திரிக்கொட்டை. நீ உங்கப்பா மாதிரி. நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தாம்மா. நாமதான் கேக்கல" என்றாள் ரேடியோ. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தங்கைக்காக மறுபடியும் பேசிவிட்டாள். ஆனால் இந்தத் தடவை மொட்டு சிரித்தாள்.

வேலை முடிந்து அப்பா வந்தார். அத்தை வீட்டுக்கு எடுத்து வைத்த பை இன்னும் வாசலோரமே இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு மொட்டுவிடம் கேட்டார்.

"கண்ணு, திங்கக்கிழமைலேர்ந்து நீ எங்க இருக்கணும்னு ஆசைப்படறே? அத்தை வீட்டிலயா, இங்கயா?"

மொட்டு உதட்டைக் குவித்தாள்.

ரேடியோ தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அம்மா மெஷினில் கால் வைத்திருந்தார். அந்தக் கால் ஆடப் பார்த்தது. அதை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டார். அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"இங்க" என்றாள் மொட்டு.

ரேடியோவுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள் மொட்டு.

'என்ன?' என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் இது பெரிய அதிசயம்.

"நான் எழுதி முடிச்சுட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அப்பதான் அடுத்த ஆளு வரணும்."

அம்மா ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ அம்மாவைப் பார்த்தாள். 'சரி' என்று சொல்ல இரண்டு பேருக்கும் நாக்கு துடித்தது. ஆனால் மொட்டு உதட்டை மறுபடியும் குவித்திருந்தாள். இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள் போலிருந்தது.

அதனால் காத்திருந்தார்கள்.